மகாராஜனின் மார்பளவு

செப்டம்பர் 1, ஞாயிறு

ஜவுளிக்கடை முதலாளி பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக இதில் கோவில்பட்டிக்காரர்களின் இடுப்பளவுதான் ஏறிக்கொண்டிருந்தது. இன்று முதல் என் வீட்டுக் கதையும் ஏறட்டும். என் மகன் மகாராஜன் போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டான். பத்தாம் வகுப்பைக் கணக்கு வாத்தியாரின் கருணையால் தாண்டியவன் நான். எனக்கு இப்படி ஒரு பிள்ளை என்றால் ஆஸ்பத்திரியில் மாறிப்போயிருக்கலாம் என்று என் மனைவி சண்முகத்தாயிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்கும் அந்தச் சந்தேகம் என்னைப் பற்றி இருப்பது தெரிந்தது.

இனி உடல் தகுதித் தேர்வு. ஓட்டம், தாண்டல், கயிறு ஏறுதல். எல்லாவற்றுக்கும் முன்னால் மார்பளவு. சும்மா நின்றால் 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து. குறைந்தால் வாசலோடு வணக்கம். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவைக்கு அவனுக்கு வயது தாண்டிவிடும்.

ஊருக்கே அளவெடுக்கிற தையல்காரன், பிள்ளைக்கு எடுக்க மாட்டேனா? டேப்பைச் சுற்றினேன். 79.

"இன்னொருக்கா எடுங்க" என்றாள் சண்முகத்தாய்.

எடுத்தேன். 79.

"இன்னொருக்கா?"

"இது என்ன தங்க வெலையா, எடுக்க எடுக்க ஏறதுக்கு?"

பேர் மகாராஜன், மார்பு மந்திரிக்குக்கூடப் பத்தாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வீட்டில் என்றுமே மார்க்கெட் கிடையாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

மகாராஜனை செல்வின் மாஸ்டரின் ஜிம்மில் சேர்த்தேன். பழைய தீப்பெட்டி ஆபீஸ் குடோன். தீக்குச்சி மருந்து வாசனை போய் வேர்வை வாசனை வந்திருக்கிறது.

"ரெண்டு சென்டிமீட்டர்தான அண்ணாச்சி, ஏத்திரலாம்" என்றார் மாஸ்டர். "மார்பு பிரச்சினையே இல்ல. தோள்பட்டைதான். அது சம்பந்தி மாதிரி. ஒருக்கா கோவிச்சுக்கிட்டா கல்யாண வீடே நின்னுரும்."

பிறகு மகாராஜனைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து ஆரம்பித்தார். முதலில் வெறுங்கம்பி, எடை அப்புறம். ரெண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பெஞ்சோடு அமுக்கணும். முழங்கையைச் சிலுவை மாதிரி விரிக்கக் கூடாது, பாதி உள்ளே வரணும். கம்பி கழுத்துப் பக்கம் வரவே கூடாது, மார்பின் கீழ்ப்பாதிக்கு இறங்கணும். ஒரு நாள் தள்ளினால் இன்னொரு நாள் முதுகுக்கு இழுக்கணும். வலித்தால் சொல்லணும்.

ஒரு கம்பியைத் தூக்கி இறக்க இத்தனை சடங்கு. என் கல்யாணத்தில் ஐயர்கூட இவ்வளவு சொல்லவில்லை.

"நானும் ஒருக்கா பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். வெறுங்கம்பியே இருபது கிலோவாம். இறங்கும்போது நன்றாக இறங்கியது. அதற்குப் பிறகு என் மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் இரண்டு விரலால் எடுத்து மேலே வைத்தார்.

"நீங்க பட்டனுக்குக் காஜா எடுங்க அண்ணாச்சி, போதும்."

செப்டம்பர் 8, ஞாயிறு

79. முட்டையின் எண்ணிக்கையை உயர்த்தியிருக்கிறோம். சண்முகத்தாய் கேட்கிறாள்: "இவன் போலீசுக்குப் போறானா, கோழிப்பண்ணைக்குப் போறானா?"

செப்டம்பர் 15, ஞாயிறு

79, மேலே ஒரு நூல் அளவு கூடுதல். நூல் என்பது என் ஆசையாகவும் இருக்கலாம்.

விசாரித்ததில், மாஸ்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் மார்புக்குக் கொடுக்கிறாராம். மீதி நாள் முதுகு, கால், ஓட்டம். முதுகளவு கேட்டு எந்த சர்க்காரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. இந்த வேகத்தில் போனால் இவன் மார்பு 81 ஆகும்போது ஓய்வு பெறும் வயது வந்துவிடும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இரண்டு பெயின்ட் டின். இரண்டிலும் சிமெண்ட். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். மொட்டைமாடியில் பழைய மரப்பெஞ்சு. என் பெயரிலேயே பேச்சிமுத்து ஜிம் இன்று காலை தொடங்கப்பட்டது. வசதி கருதி மாஸ்டருக்கு அழைப்பு அனுப்பவில்லை.

தையல்காரனுக்கு மார்பைப் பற்றித் தெரியாதா? சட்டை போட்டுப் பார்க்கிறவரிடம் நெஞ்சுப் பிடிப்பு பார்க்கக் கையை அகல விரிக்கச் சொல்வோம். விரித்தால் நெஞ்சு விரியும். இதே கணக்குதான்.

"கைய நல்லா விரிச்சுப் பிடிடா."

"மாஸ்டர் முழங்கைய உள்ள வைக்கச் சொன்னாருப்பா."

"மாஸ்டருக்கா வயசு தாண்டப் போகுது? உனக்குல்லா தாண்டுது. விரி."

விரித்தான். என் மகன் நான் சொன்னதை மறுபேச்சு இல்லாமல் செய்தது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

தினமும் காலை மாடி, சாயங்காலம் ஜிம். ஞாயிறு மட்டும் விடுமுறை. தொழிலாளர் சட்டத்தை நானும் மதிக்கிறேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒரு பக்கத்து டின் சாய்ந்து மாடித் தளத்தில் பதித்த ஓடு ஒன்று உடைந்தது. மகாராஜன் எழுந்து உட்கார்ந்து வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே?"

"ஒண்ணுமில்லப்பா. கை வழுக்கிருச்சு."

வேர்வைதான். ஓடு ஒன்று வாங்கிப் பதிக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

மகாராஜனிடம் நல்ல மாற்றங்கள் தெரிகின்றன. பைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வருகிறான். அப்பாவுக்கு மரியாதை. சட்டையை ஒரு கையாலேயே போடுகிறான். புது ஸ்டைல் போலிருக்கிறது. பரணிலிருந்து அரிசி டின்னை எடுக்கச் சொன்னால் காது கேட்பதில்லை. இது பழைய ஸ்டைல்.

மாடிப் பயிற்சிக்கு இரண்டு நாளாக வரவில்லை. ஓட்டத்துக்கு நேரம் போதவில்லையாம். சரி, ஓடட்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

80! என் முறை வேலை செய்கிறது. இன்னும் ஒன்றுதான்.

டேப்பைச் சுற்றும்போது கையைத் தூக்கச் சொன்னேன். வலது கை பாதியில் நின்றது. அக்குள் வரை தூக்கினால் போதுமே, அளவெடுக்க. போதும் என்றேன்.

அக்டோபர் 2, புதன்

தீபாவளி வேலை தொடங்கிவிட்டது. மகாராஜனுக்கும் ஒரு சட்டை வெட்டினேன். கை நீளத்துக்குப் பழைய அளவையே போட்டுக்கொண்டேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் யாருக்குக் கை வளர்கிறது?

வெந்நீர்ப் பானையை இறக்கி வைக்கச் சொன்னாள் அவன் அம்மா. இடது கையாலேயே இறக்கினான். சண்முகத்தாய் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, சனி

வீடெல்லாம் தைல வாசனையாக இருக்கிறதே என்று சண்முகத்தாய் கேட்டாள். எனக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடையைக் கழுவி, மெஷினுக்கு எண்ணெய் போட்டு, கத்தரிக்கோலுக்கும் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பதினைந்து வருஷமாக என் கழுத்தில் கிடக்கிற டேப்பில் எண்கள் தேய்ந்து ஒன்றும் ஏழும் ஒன்றாகிவிட்டன. பூஜையில் வைக்க வேண்டும் என்று சண்முகத்தாய் புது டேப் ஒன்று வாங்கி வந்திருந்தாள். இரண்டையும் ஒரே தாம்பாளத்தில் நீட்டி வைத்தாள்.

"என்னங்க, இது ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னதுங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

கடைக்காரன் ஏமாற்றவில்லை. ஜவுளிக்கடைக்கு ஓடிப்போய் அங்கிருந்த இரும்பு மீட்டர் கம்பியோடு வைத்துப் பார்த்தேன். புது டேப் சரி. என் டேப்தான் இழுபட்டு நீண்டிருக்கிறது. அதில் எண்பது வருகிற இடத்தில் கம்பியில் எண்பத்திரண்டு தாண்டி நிற்கிறது.

இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போனது? உடம்பையும் அதே டேப்பில் அளந்தேன், துணியையும் அதே டேப்பில் வெட்டினேன். தப்பும் தப்பும் கைகோத்துக்கொண்டு போனதில் சட்டை எல்லாருக்கும் சரியாகவே இருந்தது. கோவில்பட்டியில் என் டேப்பால் கெட்டுப்போனவர் யாரும் இல்லை. ஒருத்தனைத் தவிர.

முதல் நாள் என் டேப்பில் 79. கம்பிக் கணக்கில் அது 81க்கு மேல். அன்றைக்கே அவன் பாஸ். ஜிம் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சாமி கும்பிட்டேன். பொரியும் கடலையும் கொடுத்தேன். மகாராஜன் இடது கையை நீட்டினான். "பிரசாதத்த வலது கையில வாங்குய்யா" என்றாள் சண்முகத்தாய். வாங்கினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை என்று எழுதினால் இந்த டைரியும் சிரிக்கும்.

அக்டோபர் 12, சனி

செல்வின் மாஸ்டரிடம் போனேன்.

"தோளு சரியில்லன்னு எனக்கும் தெரியும் அண்ணாச்சி. கம்பியத் தொடுறப்பவே மூஞ்சி காட்டிக் குடுத்துருச்சு. கேட்டா பஸ்ஸுல தொங்கினேங்கான். பத்து நாளா கம்பியவே குடுக்கல, ஓட மட்டும்தான் விடுதேன். ஆனா என் கூடத்துல நடக்கலியே, எங்க நடந்துச்சுன்னுதான் புரியல."

பெயின்ட் டின் கதையைச் சொன்னேன்.

"சிமெண்டா?"

"ஆமா."

"கைய விரிச்சா?"

"நல்லா விரிச்சு."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம லீவு."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். "கைய அப்படி விரிச்சு எடைய எறக்கினா அம்புட்டு பாரமும் தோள் மூட்டுலதான் ஏறும் அண்ணாச்சி. மார்புக்கு ஒண்ணும் போகாது. நீங்க மூத்தவரு, அதனால நான் ஒண்ணும் சொல்லல" என்றார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகாராஜனை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டேப் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நடுவில் ஒரு ஜோக்கும் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப நான் மொத நாளே பாஸாப்பா?"

"ஆமாடா."

டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கிளாஸை இடது கையால் வைத்தான்.

"தோளு ரொம்ப வலிக்குதுப்பா" என்றான்.

அக்டோபர் 14, திங்கள்

எலும்பு டாக்டர், எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதிருக்கும் பெண். அவன் கையைத் தூக்கி, திருப்பி, அமுக்கிப் பார்த்தார். கிழியவில்லை, தசைநார் வீங்கியிருக்கிறது. இரண்டு வாரத்துக்குத் தள்ளவும் கூடாது, தொங்கவும் கூடாது. ரப்பர் பட்டையைப் பிடித்து மெதுவாக இழுக்கிற பயிற்சி மட்டும்.

"கயிறு ஏறணும் டாக்டர். மூணு வாரத்துல."

"வலி கொறஞ்சா ஏறலாம். உத்தரவாதம் தர முடியாது. யாரு இந்த மாதிரி எக்ஸர்சைஸ் சொல்லிக் குடுத்தது?"

"யூட்யூப்ல பாத்தேன் டாக்டர்" என்றான் மகாராஜன்.

போலீஸாகப் போகிறவன். எனக்காக முதல் பொய் வாக்குமூலம் கொடுத்துவிட்டான்.

வெளியே வந்ததும் கேட்டான்: "அம்மாட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. ரெண்டு பேருக்குமே சோறு கெடைக்காது."

அக்டோபர் 18, வெள்ளி

ரப்பர் பட்டைக்குப் பதில் பெட்டிகோட் எலாஸ்டிக் மூன்று வரிசையாகத் தைத்துக் கொடுத்தேன். ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கிறான். சண்முகத்தாய் கேட்டதற்கு எலாஸ்டிக் தரம் பார்க்கிறோம் என்றேன். அவள் நம்பவில்லை. தையல்காரன் பொய்யில் பிசிறு தெரியக் கூடாது. என் பொய்யில் எப்போதும் தெரிகிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

ஜிம்முக்குப் பின்னால் புளியமரத்தில் கயிறு. மாஸ்டர் சொல்லிக்கொடுக்கிறார்.

"கயிறு ஏறுறது கையில இல்லடா, காலுல. கயித்த ஒரு பாதத்துல சுத்தி இன்னொரு பாதத்தால பூட்டு. முட்டிய மடக்கி, எந்திரிச்சு நில்லு. கை புடிக்கிறதுக்கு மட்டும். தோள ஏமாத்திக் கூட்டிட்டுப் போ."

பாதி வரை போனான். இறங்கிவிட்டான். இறங்கும்போது உதட்டைக் கடித்திருந்தான். நான் "பரவாயில்லடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 30, புதன்

தீபாவளிச் சட்டை. சாப்பிட நேரமில்லை. புது டேப்.

நவம்பர் 3, ஞாயிறு

கயிற்றில் பாதிக்கு மேல் ஒரு முழம் ஏறினான். அவ்வளவுதான். போதாது.

நவம்பர் 6, புதன்

தூத்துக்குடி. மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. சண்முகத்தாய் நானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்திருந்தாள். சாலைக்கு இந்தப் பக்கம் டீக்கடை வாசலில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் மதில் சுவருக்கு மேல் கயிற்றின் மேல்பகுதி தெரிந்தது. அதில் சிவப்பு நாடா ஒன்று கட்டியிருந்தது. ஓட்டப்பிடாரத்திலிருந்து மகனைக் கூட்டி வந்திருந்த ஒருத்தர் விளக்கினார்: "அந்த நாடாவத் தொட்டா பாஸு அண்ணாச்சி. ஆளுக்கு ரெண்டு வாய்ப்பு."

காலையிலிருந்து சுவருக்கு மேல் தலைகள் முளைத்து முளைத்து இறங்கின. சில தலை நாடாவைத் தொட்டது. சில தலை பாதியில் யோசித்துவிட்டுத் திரும்பியது. சில தடவை கயிறு தலையே இல்லாமல் ஆடி நின்றது.

பிறகு மைக்கில் கேட்டது. "மகாராஜன், தகப்பனார் பெயர் பேச்சிமுத்து." போலீஸ் மைக்கில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. செய்த குற்றத்துக்கு இந்த அளவில் விட்டார்களே. மார்பும் ஓட்டமும் முடிந்துதான் கயிற்றுக்கு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. சண்முகத்தாயிடம் சொன்னேன். அவள் கும்பிட்டாள்.

கயிறு ஆடியது. அவன் தலை சுவருக்கு மேல் வந்தது. நாடாவுக்கு ஒரு கை தூரம். அங்கே நின்றது. வலது கையை எட்டிப் போட்டான். அந்தக் கை கயிற்றைப் பிடித்து, உடனே விட்டது. தலை கீழே போய்விட்டது.

"ஏங்க எறங்கிட்டான்? கயிறு வழுக்குதா?"

வழுக்குகிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தும்விட்டது.

"வழுக்கல. தோளு" என்றேன்.

"என்ன தோளு?"

சொன்னேன். மாடி, பெயின்ட் டின், விரித்த கை, டாக்டர், எல்லாவற்றையும். டேப்பைக் கடைசியில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வேறு இரண்டு பையன்கள் ஏறி இறங்கிவிட்டார்கள். ஓட்டப்பிடாரத்துக்காரர் கயிற்றை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"தேவையே இல்லாம எம்புள்ள தோள ஒடிச்சிருக்கீக."

"ஒடியல. வீக்கம்தான்."

"எம்புட்டு நாளா மறைச்சீக ரெண்டு பேரும்?"

"அவன்தான் சொல்ல வேண்டாம்னான்."

பிள்ளையைக் காட்டிக்கொடுத்த அந்த நொடியில் மறுபடியும் மைக்கில் அவன் பெயர் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. காதைப் பிடித்தாள். நடுரோட்டில், ஐம்பது வயதுக்காரனை, போலீஸ் மைதானத்துக்கு எதிரே.

கயிறு மெதுவாக ஆடியது. முன்னைவிட மெதுவாக. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. என் காதுக்கும் ரத்த ஓட்டம் நின்றிருந்தது. பிறகு தலை வந்தது. இந்தத் தடவை அவன் எட்டிப் பிடிக்கவில்லை. சுவருக்குப் பின்னால் முட்டி மடங்குவது தலையின் அசைவிலேயே தெரிந்தது, நிமிர்ந்தான், நின்றான். மறுபடி மடங்கி, நிமிர்ந்தான். கயிற்றில் நின்றுகொண்டு மேலே போகிறவனை இன்றுதான் பார்த்தேன். நாடாவுக்குக் கீழே கொஞ்சம் நிதானித்தான். இடது கை மேலே போனது. நாடா ஆடியது.

ஓட்டப்பிடாரத்துக்காரர் கைதட்டினார். நான் தட்டவில்லை. அசைந்தால் காது அவள் கையோடு போய்விடும்.

"தொட்டுட்டான்" என்றேன்.

"தெரியுது" என்றாள்.

அவன் மேலிருந்து சாலைப் பக்கம் பார்த்தான். அப்பன் காது அம்மா கையில் இருப்பதைப் பார்த்திருப்பான். சிரித்தானா, வலியில் பல்லைக் கடித்தானா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

"வேடிக்க பாக்காத, மெதுவா எறங்குடா! காலுல எறங்கு!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்காது. டீக்கடைக்காரருக்குக் கேட்டது.

அவன் ஒவ்வொரு பிடியாக இறங்கினான். தோள் இறங்கியது, கழுத்து இறங்கியது, தலை இறங்கியது. அவன் தலை சுவருக்குக் கீழே பத்திரமாக மறையும்வரை சண்முகத்தாய் காதை விடவில்லை.